அம்மா பேரில் வெட்டிய பால்

2024 பெப்ரவரி 5

இன்றும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் காத்தமுத்து கங்காணி "சுப்பம்மா!" என்று கூப்பிட்டார். "வந்திருக்கேங்க" என்றேன்.

அம்மா குவைத்துக்குப் போனது தோட்டத்து ஆபீசுக்குத் தெரியாது. வேலைக்கு ஆள் இல்லாவிட்டால் குடியிருக்கத் தந்த காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். அதனால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவுடைய கத்தி, அம்மாவுடைய ரப்பர் மரங்கள். பால் வெட்டுவது நான், பேர் விழுவது அம்மாவுக்கு.

"என்னா சுப்பம்மா, மூத்த மகளுக்கு மாப்புள பாத்தாச்சா?" என்று விஜயகலா அக்கா கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைத் தர்மிளா என்று கூப்பிட இங்கே யாரும் இல்லை. தங்கச்சி சசிக்கு நான் அக்கா.

பெப்ரவரி 11

மழை. வெட்டு இல்லை. சசிக்குப் பேன் பார்த்தேன்.

பெப்ரவரி 19

நாளை வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள். நம் ரப்பரில் கையுறை செய்கிற கம்பனியாம். பிள்ளைகள் வேலை செய்தால் வாங்க மாட்டார்களாம்.

"வெள்ளனவே வெட்டிட்டு காம்பராவுக்குப் போயிரு புள்ள. பால விஜயகலா எடுத்துக்கும். அவங்க போற வரைக்கும் தலைய காட்டாத" என்றார் கங்காணி.

பெப்ரவரி 20

கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தேன். திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மரங்களில் கட்டிய சிரட்டைகளில் மழை விழுந்தால் அத்தனை பாலும் கெட்டுப்போகும், இன்றைய பேரும் சம்பளமும் போய்விடும். விஜயகலா அக்கா ஒருத்தியால் எத்தனை மரத்துக்கு ஓட முடியும்? வேறு எதுவும் நினைவில் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பாதி மரத்துப் பால் எடுத்திருப்பேன். நிமிர்ந்தால் ஒரு வெள்ளைக்கார அம்மா. கூட வந்தவர், "நங்கி, வயச கீயத?" என்று சிங்களத்தில் என் வயதைக் கேட்டார். பின்னால் நின்று கங்காணி கண்ணைக் காட்டினார். அம்மாவுடைய வயதையா சொல்வது? அந்த வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்து, ஒட்டியிருந்த பாலைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

பதினைந்து என்று சொல்லிவிட்டேன்.

பதினெட்டு என்றிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

பெப்ரவரி 27

அம்மா பேரைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கங்காணியையும் நிறுத்திவிட்டார்கள். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "மழைக்கு நீ என்னா புள்ள செய்வ" என்றார்.

மார்ச் 3

போனில் அம்மா: "பாஸ்போட்டு மேடம் கையில இருக்கு. நெனச்சவொடன வர முடியுமா? காம்பராவ வுட்டுட்டு எங்கடி போவீங்க?" பிறகு அழுதாள்.

என்னத்த எழுதுறது. நான் ஏன் ஓடுனேன்?

மார்ச் 14

காம்பரா சாவியைக் கொடுத்தாயிற்று. சசி கேகாலைக்கு, சித்தி வீட்டுக்கு.

போகிற வழியில், பெரட்டுக் களத்தில் புதுப் பலகை: 'இத்தோட்டத்தில் சிறுவர்கள் வேலை செய்வதில்லை.' சசி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "ஒன்னத்தான்க்கா போட்டிருக்காங்க" என்றாள்.

ஏப்ரல் 2

இரத்தினபுரி. வீட்டுக்கார நோனா நல்லவர். வீட்டு வேலைக்கு வந்த அன்றே வயதைக் கேட்டார். பதினெட்டு என்றேன், உடனே.

பாத்திரம் கழுவ மஞ்சள் கையுறை கொடுத்திருக்கிறார். எனக்குப் பெரிது, விரல் நுனியெல்லாம் சும்மா தொங்குகிறது.

இன்று திடீரென்று இருட்டியது. கையுறையோடு வாசல்வரை ஓடிவிட்டேன்.

"மொகத, தர்மிளா?" என்னவென்று கேட்டார் நோனா.

ஒன்றுமில்லை என்றேன். மழை பெய்தது. பார்த்துக்கொண்டு நின்றேன்.