கூறைச்சேலையில் ஒரு பச்சைக் கறை

அக்கா,

முதலில் பிள்ளைகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றுமுன்பே நீங்கள் அதைத்தானே கேட்பீர்கள். மூத்த பேரன் இஞ்சினியர் பரீட்சை பாஸ். சின்னவன் டூட்டிங்கில் சொந்தமாகக் கடை திறந்துவிட்டான். பேத்திக்கு ஆஸ்பத்திரி மருந்துப் பகுதியில் வேலை, வெள்ளைக் கோட்டு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இதைப் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிவிடுகிறேன். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். என் கூறைச்சேலையைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள்.

அதற்காக நேற்றுப் பெட்டியைத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசத்துக்கு அடியிலிருந்து அந்தச் செடியின் பிசின் மணம் வந்தது. பேத்தி மூக்கைச் சுளித்தாள். நான் சேலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிய வருடம் அது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஆளே கரைந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னீர்கள்: "கஞ்சா வாந்தியை அடக்குமாம். என்னோடை வேலை செய்யிறவ ரெண்டு சாதி விதை தந்தவ. ரெண்டையும் வைச்சுப் பாப்பம், எது வீரியமெண்டு."

"பொலிஸ் வந்தால், அக்கா?"

"கறிவேப்பிலை எண்டு சொல்லு. அவைக்கு என்ன தெரியும்."

ஒன்று குளிர்நாட்டுச் சாதி. வெயிலையும் இரவையும் பார்க்காமல், வயது வந்ததும் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட்டது. மற்றது இரவு நீண்டால்தான் பூக்கும் சாதி. அது என் தோளுக்கு மேல் வளர்ந்துகொண்டே போனது.

சின்னதின் பூவைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தோம். இவர் கொஞ்சம் நித்திரை கொண்டார், வாந்தி நிற்கவில்லை. "இது ஆறின தேத்தண்ணி" என்று உதட்டைப் பிதுக்கினீர்கள். பெரியதோ, இலை உதிர்காலம் வந்தும் பூக்கவில்லை. இவருக்கு அவ்வளவு நாள் தாங்குமோ என்று நான் அழுதேன். நீங்கள் செடியைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். கொட்டிலின் நிழல் விழுந்த பக்கம் மொட்டு. வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையின் தெருவிளக்கு விழுந்த பக்கம் வெறும் இலை.

"லைற்றைப் பார்த்துப் பகலெண்டு நினைக்குது, பிள்ளை."

கம்பளி போர்த்தினோம். அது மழையைக் குடித்துக் கனத்து ஒரு கிளையை முறித்தது. அதன் பிறகுதான் நான் கூறையைக் கொண்டு வந்தேன். பட்டு, பாரமில்லை. மடித்துப் போட்டால் வெளிச்சமும் இறங்காது. "விசரி, கலியாணச் சீலையடி" என்று பேசினீர்கள். பேசிக்கொண்டே மற்றத் தொங்கலைப் பிடித்தீர்கள். பொழுதுபட்டால் போர்த்துவதும் விடிந்தால் எடுப்பதுமாக, என் வேலை நாட்களில் நீங்கள் தனியாகவே செய்தீர்கள்.

பூத்தது. அதே பால், அதே கரண்டி. அரைக் கரண்டி போதுமாயிருந்தது. விதைக்கு விதை வேறாக இருக்கலாம், நாங்கள் பார்த்தது இந்த இரண்டு செடியைத்தான். அன்று இவர் எழுந்து உட்கார்ந்து இடியப்பம் கேட்டார். சொதியை வாயில் வைத்துவிட்டு, "உப்புக் காணாது" என்றார்.

"மனுசன் பிழை பிடிக்கத் தொடங்கீட்டார். இனிப் பயமில்லை" என்று நீங்கள் சிரித்தீர்கள். அடுத்த வைகாசி வரைக்கும் என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பசியோடு அவரை அனுப்பவில்லை என்ற நிம்மதி உங்களால் எனக்குக் கிடைத்தது.

சேலைத் தொங்கலில் கையளவு பச்சைக் கறை. சலவைக்காரரும் கைவிட்டுவிட்டார். பேத்தியிடம் முழுக்கதையையும் சொன்னேன். மருந்து படித்தவள், என்ன சொல்லுவாளோ என்று பயந்தேன். கறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை மடிப்புக்குள்ளை மறைக்கக் கூடாது, அம்மம்மா. வெளியிலை தெரியக் கட்டிவிடுங்கோ" என்றாள்.

கல்யாண வீட்டில் உங்களையும் வைக்க வேண்டும். பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் உங்கள் மகளுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். அம்மாவின் செத்தவீட்டில் வைத்த, முறைத்துப் பார்க்கிற அந்தப் படம் வேண்டாம், தோட்டத்தில் மண் கையோடு சிரிக்கிற படம் ஒன்றைப் புதிதாகக் கழுவி, தைக்கு முன்பு தபாலில் அனுப்பிவிடு, பிள்ளை என்று.