சூடாகத் திரும்பும் தண்ணீர்

மார்கழி, செவ்வாய் இரவு. விடாத மழை.

இன்று உயர்தர வகுப்பில் அணுமின் நிலையம் பற்றி நடத்தினேன். உலையின் நீராவியைக் குளிரவைக்க ஆற்றுத் தண்ணீரை வாரி எடுப்பார்கள், அது சூடேறி மறுபடியும் ஆற்றுக்கே போகும் என்று படம் போட்டுக் காட்டினேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் செல்வி எழுந்தாள்.

"அந்தச் சுடுதண்ணிய ஏன் டீச்சர் ஆத்துல விடுறாங்க? குழாய் போட்டு எங்க லயத்து வீடுகளுக்குக் குடுத்தா என்ன?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அணு என்றால் எல்லோரும் குண்டைப் பற்றித்தான் கேட்பார்கள். இவள் குளிக்கக் கேட்கிறாள்.

ஆற்றில் சூடு கூடினால் மீன் தாங்காது, அதுதான் பிரச்சினை என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன்.

"நாங்க தண்ணி புடிக்கிற பீலியில மீன் இல்லையே டீச்சர். அக்கா புள்ள பெத்து வந்திருக்கா. சுடுதண்ணி ஊத்தணும். விறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு. நேத்தும் பச்சத்தண்ணியிலதான் குளிச்சா."

அவள் சிரிக்கவில்லை. அதன்பிறகு யாருமே சிரிக்கவில்லை. மணி அடித்ததும் படத்தை நானே அழித்தேன்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்தேன். சூடு வரும்வரை முதலில் வரும் தண்ணீரை ஓடவிட்டு வெளியே நிற்பதுதான் என் வழக்கம். இன்று அதில் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, இழுத்துக்கொண்டேன்.



மழை ஓயவில்லை. செல்வி வீட்டு விறகு நாளைக்கும் காயாது.