என் வாயால் சொல்ல ஒரு மொழி

3 மார்ச் 2024, ஞாயிறு, பீடோங்

பினாங்கிலிருந்து மகள் ரூபினி அழைத்தாள். மாப்பிள்ளை மார்க்கோவின் அம்மா செப்டம்பரில் இத்தாலியிலிருந்து வருகிறாராம். நிச்சயதார்த்தத்தை அப்போதே வைத்துவிடலாம் என்கிறாள். சம்பந்தியம்மாள் பெயர் லுயீசா. இத்தாலிய மொழி தவிர வேறு தெரியாதாம்.

நான் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சிரித்தாள். "எதுக்கும்மா? நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல சொல்றேன், மார்க்கோ அவங்க அம்மாகிட்ட சொல்லிருவான் லா."

பெண்ணைக் கொடுக்கிறவள் பேச்சு இரண்டு வாய் மாறிப் போக வேண்டுமா?

4 மார்ச்

மெர்கோங்கிலிருந்து ராமநாதன் அண்ணன் வந்தார். இத்தாலியன் பேச்சை எடுத்தேன்.

"அம்பத்தாறு வயசுல உனக்கு எதுக்கு வள்ளி அந்தப் பாஷை? சபையில பேசறது நானு. தட்டு மாத்தறது நானும் உங்க அண்ணியும். நீ பின்னாடிதானே உக்காரப் போற?"

சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார். போட்டேன்.

ரூபினியின் அப்பா இறந்து ஏழு வருடம். ஏழு வருடமாக எந்த விசேஷத்திலும் எனக்குப் பின்வரிசைதான். ஊரார் வீட்டில் சரி. என் மகளுக்குமா?

5 மார்ச், செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்தால் படிப்பது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது.

சிவப்பு.

6 மார்ச்

காலையில் விளக்கேற்றும்போதே சொல்லிவிட்டேன். தாயே, உன்னைக் கேட்டதே என் தப்பு. மலாயைப் பசாரில் காய் வாங்கிக் கற்றேன். ஆங்கிலத்தை ரூபினியின் பள்ளிப் புத்தகங்களில் கற்றேன். அப்போதெல்லாம் பூவா கட்டினேன்? கோபம் வந்தால் கோபித்துக்கொள். நான் படிக்கத்தான் போகிறேன்.

இன்றைய வரவு: எட்டுச் சொல்.

14 மே

வரவு 312. மறந்தது 90. மறந்ததை எழுதாமல் விட்டால் அது கணக்கில்லை.

20 ஜூலை, சனி

பக்கத்து வீட்டு குணவதி அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "போன்ல யாரு லா, எந்நேரமும் கத்திக்கிட்டே இருக்கான்?"

"வாத்தியாரு, அக்கா."

"நல்லா கத்துறான். நீயும் நல்லா திருப்பிக் கத்துற."

ஒரு வாக்கியத்தைத்தான் விடாமல் சொல்லிப் பார்க்கிறேன். என் மகள் இனி உங்கள் மகளும். மியா ஃபீலியா, அன்கே சுவா ஃபீலியா. இதைச் சொல்ல வேண்டியது அண்ணன். நான் எழுந்து சொன்னால்? சபையில் நாக்குக் குழறினால்? ரூபினிக்கு அவமானமாகிவிட்டால்? — ஆகட்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் மானமா?

1 செப்டம்பர், ஞாயிறு

நிச்சயதார்த்தத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரூபினி உள்ளறையில் இருந்தாள். கூப்பிட்டால்தான் வருவாள். முன்னால் அண்ணன், அண்ணி, எதிரே லுயீசா, மார்க்கோ. நான் கதவோரம். அண்ணன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். லுயீசா கேட்டுவிட்டு, சுற்றிப் பார்த்து, ரூபினியின் அம்மா எங்கே என்று மார்க்கோவிடம் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

"சோனோ குயி" என்றேன். இங்கே இருக்கிறேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. நடந்தேன். அண்ணி என் சேலையைப் பிடித்து, "வேணாம் வள்ளி, நல்ல காரியம்" என்றார்.

"என் மக காரியம், அண்ணி."

வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகவில்லை. அவர் படபடவென்று ஏதோ சொன்னார், பாதி புரியவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள் என்று அவர் மொழியிலேயே கேட்டேன். மறுபடி சொன்னார். பிறகு கையிலிருந்த தட்டை அண்ணனைத் தாண்டி என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.

2 செப்டம்பர்

அண்ணன் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

5 செப்டம்பர், வியாழன்

அண்ணன் அழைத்தார். "கல்யாணத்துக்கு அங்கேருந்து எத்தனை பேரு வர்றாங்கன்னு அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

"கேக்கிறேன் அண்ணே. மணவறையில தாரை வார்க்கறது நான்தான்."

போனைப் பொத்திக்கொண்டு அண்ணியிடம் ஏதோ கேட்டார்.

"அண்ணி பட்டெடுக்கக் கடைக்குப் போறா. உனக்கு என்ன கலரு?"