குண்டேந்தி அம்மன் மடியிலிருந்த இரும்பு

ராஜபாளையம்,
மாசி 9

அன்புள்ள தவசிமுத்து,

இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். நாகஜோதிக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி கேட்டு என் மனைவி அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள். இந்த விஷயத்தைப் போனில் சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் உன் அப்பா பேச்சு வந்தாலே நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன், கடைசி வரை படி.

நீ கேட்டது ஒரே கேள்வி. அம்மன் மடியில் இருக்கிற குண்டு நிஜமா? நிஜம் என்றால் உன் அப்பா பொய்ச் சத்தியம் செய்தவர், அப்படியானால் மகளின் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்க அந்த ஊருக்கு வரவே மாட்டேன் என்றாய். விசாரிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தப்பிருந்தால் திருத்து.

வெள்ளைக்காரனின் கும்பினிப் படை தேவதானம் பக்கம் பீரங்கியோடு வந்தபோது, கம்மாயில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பெண் பறந்து வந்த குண்டை மடியில் ஏந்திக்கொண்டாள். அவளே குண்டேந்தி அம்மன். குண்டில் கை வைத்துப் பொய் சொன்னவன் கோயிலின் அடுத்த பங்குனிப் பொங்கலைப் பார்க்க மாட்டான். இதுதான் உங்கள் ஊர் சொல்வது. உன் அப்பா மலைச்சாமி மாமா ராத்திரியில் மடையைத் திறந்து தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினார் என்று ஊர் பழி போட்டபோது, அவர் அந்தக் குண்டில் கை வைத்து இல்லை என்றார். அந்த ஐப்பசியில் பாம்பு தீண்டி இறந்தார். ஊர் முடிவு கட்டிவிட்டது. அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு புனே போனார். அதற்குப் பிறகு பொங்கலன்று கோயிலில் வீட்டுக்கு வீடு பேர் சொல்லி அம்மனுக்கு மாலை எடுக்கும்போது உங்கள் வீட்டுப் பேரைச் சொல்வதில்லை.

அப்போது பூசாரியாக இருந்த கருத்தையா இறந்துவிட்டார், இப்போது அவர் மகன் விஜயபாண்டிதான் பூசாரி. குண்டைக் காட்ட முதலில் மறுத்தான். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அபிஷேகம் முடிந்து சந்தனம் சாத்துவதற்கு முன்னால், குண்டை என் கையில் கொடுத்தான். பெரிய மாதுளம்பழம் அளவு. நல்ல கனம். எண்ணெயைத் துடைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டேன்.

படத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அங்கே நம்பி என்று ஒருவர், கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர், பாளையக்காரர் சண்டைகளைப் பற்றி நிறையப் படித்தவர். காலையில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு வந்துதான் பேச உட்கார்ந்தார். "உங்க அம்மன் நல்லாத்தான் கேட்ச் புடிச்சிருக்கா" என்று சிரித்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் காலக் குண்டு வார்ப்பிரும்பு என்றார். இரண்டு அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு வரி ஓடியிருக்கும், இத்தனை வருஷ அபிஷேகத்தில் மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருக்கும். "இதுல ரெண்டும் இல்லையே. எனக்கென்னமோ இதுக்கு நம்ம வயசுகூட இருக்காதுன்னு தோணுது."

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்கு நினைவு வந்தது. அப்படிப்பட்ட குண்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கு எங்கள் பேப்பருக்காகச் செய்தி எடுக்கப் போனபோது, ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் நூற்றுக்கணக்கான குண்டுகள் உருண்டு கல்லைப் பொடியாக்கின. தேய்ந்த குண்டுகளைப் பழைய இரும்பாக விற்றுவிடுவார்களாம்.

மறுநாள் நேராக விஜயபாண்டி வீட்டுக்குப் போனேன். அவனிடம் சொன்னதை உள்ளே படுத்திருந்த அவன் அம்மா சுடலையம்மாள் கேட்டுவிட்டார். எழுந்து வந்து, "கண்டுபுடிச்சுட்டியா யய்யா" என்றார். விஜயபாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏ ஆத்தா, என்ன சொல்லுத?"

பொங்கலுக்கு முந்தின நாள் குண்டுக்கு எண்ணெய்க்காப்புச் சாத்தி, பூசாரி அதைக் கம்மாயில் மூன்று முழுக்குப் போட்டு, சிவப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவருவது உனக்குத் தெரியும். சுடலையம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எண்ணெயும் கையுமா எறங்குறதுதான் மொற. அந்த வருசம் கழுத்தளவு தண்ணி. மூணாவது முழுக்குல எங்க வீட்டுக்காரக கையில இருந்து வழுக்கிருச்சு. முங்கி முங்கித் தேடுனாக, ஆப்படலை. வெறுங்கையோட எப்படிக் கரையேற? பூசைக்குக் கொண்டு போன தேங்காய துணியில சுத்திக் கொண்டாந்து நடையச் சாத்திட்டாக. பொறவு எந்தம்பிதான் ஆலங்குளத்துல பழைய இரும்புக் கடையில இத வாங்கியாந்தான்."

எந்த வருஷம் என்று கேட்டேன். விஜயபாண்டி கைப்பிள்ளை என்றார். உன் அப்பா சத்தியம் செய்தது? விஜயபாண்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், அதாவது குண்டு மாறிய பிறகு.

"அன்னைக்கு மலைச்சாமி கை வைக்கையில இவுக தூணப் புடிச்சிக்கிட்டு நின்னாக. பாம்பு தீண்டி அவிய போனதும் பொய்ச் சத்தியம்னு ஊரே பேசுச்சு. இவுக அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. அம்புட்டுத்தான் செஞ்சாக."

தவசி, நான் கண்டது எது, காணாதது எது என்று உனக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும். தொலைந்துபோன பழைய குண்டு நிஜமாகவே பீரங்கிக் குண்டுதானா என்பதற்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அன்று மடையைத் திறந்தது யார் என்றும் தெரியவில்லை. மாமா திறக்கவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அம்மன் தண்டித்தாள் என்று ஊர் சொன்னதே, அந்தச் சாட்சி போய்விட்டது. அவரைக் கொன்றது பாம்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கடை இரும்பு என்று அவருக்குத் தெரியாது. அம்மனுடைய குண்டு என்று நம்பித்தான் கை வைத்தார். நான் இதில் பெரிதாக எடுத்துக்கொள்வது அதைத்தான்.

விஜயபாண்டி என்னை வாசல் வரை வந்து மறித்தான். "அண்ணாச்சி, பேப்பர்ல போட்டுறாதீக. நாளைக்கு எவன் குண்டுல கை வைப்பான்? எம்புட்டுச் சண்டை இதால அடங்கியிருக்கு தெரியுமா?" அவன் சொல்வதும் நியாயம்தான். போடப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் சுடலையம்மாள் விடவில்லை. "அவன் கெடக்கான். மலைச்சாமி மகன் வரட்டும். அவன் மூஞ்சியப் பாத்து, ஊரக் கூட்டி வச்சு நானே சொல்லுதேன். அவன் இல்லாம சொன்னா, கெழவிக்குப் புத்தி பெரண்டு போச்சும்பாக."

அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஆளும் நன்றாக மெலிந்துவிட்டார். இதைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது அவர் மட்டும்தான். அவர் இல்லையென்றால் வெளியூர்க்காரன் நான் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு நாகஜோதியைக் கூட்டிக்கொண்டு, பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு வா. ராஜபாளையம் ஸ்டேஷனில் நான் நிற்பேன். பிள்ளைக்கு எங்கள் எல்லோருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. அவள் தாத்தா பேர் சொல்லி அங்கே மாலை எடுப்பதை அவள் பார்க்க வேண்டும். உன்னையும் அந்த இரும்பில் கை வைக்கச் சொல்வார்களோ என்று யோசிக்காதே. அப்படி யாராவது கேட்டால் நான் முதலில் வைக்கிறேன், மலைச்சாமி மகன் என் சிநேகிதன் என்று சொல்லி.

உன்,
லிங்கேஸ்வரன்