ஐந்து அடிக்கு ஒரு கிண்ணம்

அன்புக்கும் திட்டுக்கும் குறை வைக்காத என் தங்கச்சி கன்னியம்மாவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு சாமை அறுப்பு முடிந்துவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி செல்வி, நாலாம் வகுப்பு. என் பேச்சை அவள் புத்தகம் மாதிரி திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும். கடிதம் உனக்குத்தான் என்றாலும் இதைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப்போகிறேன். எல்லாரும் படிக்கட்டும்.

நல்ல சேதி ஒன்றும் இல்லை.

பால்வாடியில் ஆயாவாக இருந்தபோது பிள்ளைகள் விளையாட என் சாமைக் களத்தைக் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "மெழுகின களம்ண்ணா, வுழுந்தா முட்டி பேராது" என்றாய். நடுவில் அடுப்புச் சாம்பலால் பெரிய வட்டம் போட்டு, அதில் ஒரு கூடை கடுக்காயைக் கொட்டினாய். களத்தின் நாலு மூலையிலும் நாலு சின்ன வட்டம். பிள்ளைகள் மூலையிலிருந்து ஓடிவந்து, பெரிய வட்டத்துக்குள் புகுந்து, ஒரே ஒரு கடுக்காயோடு தங்கள் மூலைக்குத் திரும்ப வேண்டும். வட்டத்துக்குள் காவலுக்கு ஒரு கழுகு. கழுகு தொட்டுவிட்டால் அந்தப் பிள்ளை வெளியே போகக் கூடாது, கழுகு பக்கத்திலேயே குந்தி அதுவும் காவல் காக்க வேண்டும். "என் ஆட்டத்துல எந்தப் புள்ளையும் ஓரமா குந்தி வேடிக்க பாக்கக் கூடாது" என்பாய்.

செல்விக்கு அப்போது நாலு வயது. இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிவிட்டது, முட்டியில் கையை ஊன்றித்தான் நடப்பாள். மற்ற பிள்ளைகள் அவளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பேருக்கு ஆட்டத்தில் இருக்கலாம். யாரும் அவளைத் துரத்த மாட்டார்கள், அவள் தொட்டாலும் செல்லாது. அன்றைக்கு நீ போட்ட சத்தம் மலைக்குக் கீழே ஆலங்காயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"எவண்டா ஒப்புக்குச் சப்பாணின்னது? இன்னொரு தபா சொன்னா வாயில மொளகாத்தூள அப்பிடுவேன். இவதான்டா கழுகு!"

யார் கழுகானாலும் குந்தியபடியேதான் சுழன்று தொட வேண்டும் என்று அன்றைக்கே சட்டம் போட்டாய். அடேயப்பா, உட்கார்ந்த இடத்தில் அந்தப் பிள்ளை என்ன சுழற்சி சுழன்றாள்! அவள் கையிலிருந்து தப்பிக்க மற்றதுகள் இடது பக்கம் போக்குக் காட்டி வலது பக்கம் பாயப் பழகின. ஓட்டத்திலேயே குனியவும், சட்டென்று நிற்கவும், திரும்பவும் பழகின. ஆமை மாதிரி வந்த பக்கத்து வீட்டுக் காளி ஒரே மாதத்தில் முயலாகிவிட்டான். "பாத்தியாண்ணா, இவ இருக்கங்காட்டிதான் மத்ததுங்களுக்குக் காலு பறக்குது" என்றாய்.

நீ போன பிறகு அந்தக் கூடையைப் பரணில் போட்டவன் நான். பிள்ளைகள் வந்து கேட்டபோது, "ஆயாவே இல்ல, இன்னாடா ஆட்டம்?" என்று விரட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன்?

போன வாரம் குடியரசு நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். போளூரிலிருந்து பஸ்ஸில் வருகிற புது டீச்சரம்மா கோடு கிழித்தார். எல்லாப் பிள்ளைகளும் கோட்டில் நின்றார்கள். செல்வியை மட்டும், முடிகிற இடத்துக் கயிற்றுக்கு ஐந்து அடி முன்னால் நிற்க வைத்தார்கள். "யாரும் வேகமா வராதீங்க, செல்வி ஜெயிக்கட்டும்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் கல்யாண ஊர்வலம் மாதிரி நடந்து வந்தன. இவள் ஐந்து அடி நடந்து கயிற்றைத் தொட்டாள். ஒரே கைதட்டல். நாற்காலியில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தூ! யார் செத்துப்போனார்கள் என்று அழுகை?

எவர்சில்வர் கிண்ணம் ஒன்று கையில் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும்போது காளி சிரித்தான்.

"ஒப்புக்குச் சப்பாணிக்குக் கிண்ணமா? இன்னாமா ஓடுறா பாரு!"

அந்தக் கிண்ணத்தில் இப்போது நம் நாய் தண்ணீர் குடிக்கிறது. செல்விதான் வைத்தாள். அன்றிலிருந்து வெளியே வரமாட்டேன் என்கிறாள். கூப்பிட்டால், "காலு வலிக்குது தாத்தா" என்கிறாள். ஒன்பது வயது வரைக்கும் அந்தச் சொல் அவள் வாயில் வந்ததே இல்லை, கன்னியம்மா.

இதுவரை ஊரைக் காறித் துப்பினேன். மிச்ச எச்சில் எனக்கு.

டீச்சரம்மா தானாகச் செய்யவில்லை. முதல் நாள் சாயங்காலம் கும்பிட்டுக் கேட்டவன் நான். "எம் பேத்திய ஒப்புக்குச் சப்பாணியாவாச்சும் சேத்துக்கோங்கம்மா." அவர் தயங்கினார். "பந்தயத்துல அது எப்படிங்க பெரியவரே?" என்றார். "கயித்துக்குக் கொஞ்சம் முன்னால நிக்க வெச்சா போதும்மா" என்றேன். எந்தச் சொல்லுக்கு நீ மிளகாய்த்தூள் அப்புவேன் என்றாயோ, அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவனும் நான்தான். இந்தக் கையைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது.

இந்த இடத்தில் செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"நீயா தாத்தா?"

"நான்தான். எழுது."

"இதையுமா?"

"இதத்தான் எழுதணும்."

பேனாவைக் கீழே போட்டாள். பிறகு பேனாவை எடுத்து, "இனிமே உனக்கு அந்த நாய்க் கிண்ணத்துலதான் கஞ்சி" என்றாள். சரி என்றேன். கொஞ்சம் பொறுத்து, "கடுக்காய்க் கூட எங்க கீது?" என்று கேட்டாள்.

பரணிலிருந்து இறக்கிவிட்டேன், தங்கச்சி. நாளைக் காலையில் களத்தை மெழுகிச் சாம்பல் வட்டம் போடுகிறேன். பால்வாடிப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிடுவேன். காளியும் வரட்டும், டீச்சரம்மாவும் வரட்டும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடட்டும். நடுவில் செல்விதான் கழுகு. முதல் கடுக்காய்க்கு நான் ஓட வேண்டும் என்பது அவள் வைத்த நிபந்தனை. "மெதுவா வராத தாத்தா. வந்தா தெரிஞ்சிடும்" என்கிறாள்.

மெதுவாகப் போகமாட்டேன். இது உன்மேல் சத்தியம். அவள் தொட்டுவிட்டால் ஓரமாகவும் போகமாட்டேன், உன் சட்டப்படி அவள் பக்கத்திலேயே குந்துவேன்.

கழுகுக்குத் தப்ப முடியாத உன் அண்ணன்,
சடையன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)