டிவி வாப்பாவின் வீட்டுக் கதவு

சாய்ந்தமருது
04.06.2024

அன்பு மகள் றுக்ஸானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம் என்று எழுதினால் பாதி பொய், சுகமில்லை என்று எழுதினால் மீதி பொய். அதனால் அந்தப் பேச்சை விடுவோம். மருமகன் முபீனும் பேத்தி ஜெனூபாவும் நல்லா இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று முபீன் சிரிப்பார். சிரிக்கட்டும். போனில் கதைத்தால் என் குரல் டிவிக் குரலாகி விடுகிறது என்று போன வருஷம் நீங்கதானே சொல்லிவிட்டு வைத்தீங்க. அன்றிலிருந்து போனை எடுக்கவே கை கூசுகிறது.

விஷயம் இதுதான். 'வாப்பாட வீடு' நிகழ்ச்சி எடுத்த டிவிச் சனல்காரர்கள் திரும்ப வந்திருக்கிறார்கள். கல்முனை பஸ் ஸ்டாண்டில் "அக்கரைப்பற்று, பொத்துவில், ஏறு ஏறு" என்று கூவிக்கொண்டு நின்ற கட்டை ஜவுபரான என்னை டிவி வாப்பா ஆக்கியது அவர்கள்தானே. மூன்று வருஷம் நாடே பார்த்தது. பிறகு கடை திறப்பு, பிஸ்கட் விளம்பரம், பாடசாலை விளையாட்டுப் போட்டி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இப்போது போன் கவர் விற்கிற என் கடைக்கு ஒரு பிள்ளை வெள்ளைக் காரில் வந்து இறங்கி, "டிவி வாப்பா, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு நிகழ்ச்சி" என்கிறாள். பெயர் யதுசா. நல்ல பிள்ளை. குனிந்து கதைக்கவில்லை, ஸ்டூல் இழுத்து உட்கார்ந்து கதைத்தாள்.

வீட்டுக்குள்ளே படம் எடுக்க வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டுமாம். நம்மட ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண் பிள்ளைக்குத்தான் வீடு. உம்மா உயிரோடு இருக்கும்போதே வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் பெயருக்கு எழுதியாகிவிட்டது. நான் மகளின் வீட்டில் குந்தியிருக்கிற கிழவன். வீடு இருக்கிற பொண் அதைப் போட்டுவிட்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் மாவனெல்லைக்குப் போன கதையை ஊர் இன்னும் மெல்லுகிறது. நான் காது கொடுப்பதில்லை.

கையெழுத்துக்காக மட்டும் எழுதவில்லை, மகள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒருக்கா வந்து போங்க.

இன்னொன்று. சொன்னால் பயந்துவிடாதீங்க. மஃரிபுக்கு, பொழுது பட, கடை பூட்டி வந்து, பழக்கத்தில் கதவைத் தட்டி ஸலாம் சொல்லுவேன். ஆளில்லாத வீட்டுக்கும் ஸலாம் சொல்லித்தானே நுழைய வேண்டும். இரண்டு மாதமாக உள்ளே இருந்து உங்கள் உம்மாவின் குரல் கேட்கிறது. நிகழ்ச்சியில் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து, என் தலைக்கு மேலால் தெருவைப் பார்த்துச் சொல்வாவே, அதே பேச்சு.

"ஆரு? ஒருத்தரையும் காணல்லியே!"

துஆவுடன்,
வாப்பா


மாவனெல்லை
21.06.2024

அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போடமாட்டேன். பெருநாளுக்கும் வர முடியவில்லை, முபீனுக்கு லீவு இல்லை. லீவு இருந்திருந்தாலும் வந்திருக்கமாட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

குரல் கேட்கிறது என்று எழுதியிருந்தீங்க. இங்கேயும் கேட்கிறது. போன கிழமை ஜெனூபா யாருடைய போனிலோ அந்த வீடியோவைக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது அவளுடைய வாப்பா வேலையால் வந்து பெல் அடித்தால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, மேலே பார்த்து, "ஒருத்தரையும் காணல்லியே" என்கிறாள். நாலு வயது. என் உம்மாவை ஒருநாளும் காணாத பிள்ளை. அதே இழுப்பு, அதே தலையாட்டல்.

உம்மாவுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியுமா? "உள்ள புருசனக் காணல்ல எண்டு சொல்லிச் சொல்லி ஒருநாள் உண்மையாவே காணாமப் போயிரும் மனே" என்று குசினிக்குள் என்னிடம் சொல்லியிருக்கிறா.

ஒன்பது வருஷமாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். வாயால் கேட்டால் அழுவேன், அதனால் எழுதுகிறேன்.

உம்மா மவுத்தான அன்று நீங்க இரண்டு தரம் உள்ளே வந்தீங்க. எனக்குப் பதினாறு வயது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முதல் தரம் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றீங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. திரும்பி வெளியே போய் நிகழ்ச்சியின் கேமராக்கார ஹாதிக்கோடு என்னமோ கதைச்சீங்க. பிறகு ஹாதிக் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பெரிய மனிசர்கள் நிகழ்ச்சிக்கு வந்தால் அவர்களுக்குச் சமமாகப் படத்தில் தெரிய நீங்க ஏறி நிற்பீங்களே, அதே பெட்டி. ஏறி நின்று அழுதீங்க. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் இரண்டு தரம் செய்யப் பழக்கிவிட்டார்கள் என்று தெரியும். வீட்டுக்கு வருவது இரண்டு தரம், சிரிப்பது இரண்டு தரம். உம்மாவின் ஜனாஸாவுக்குமா? நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய கிழமையில் அதை நாடு முழுக்கப் போட்டார்களே. உம்மாவின் முகத்தைக் காட்டவில்லை, உங்கள் முகத்தைத்தான் காட்டினார்கள். ஊர் சனம் அழுதது. நான் அழவில்லை.

றுக்ஸானா


சாய்ந்தமருது
29.06.2024

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். தொடக்கத்தில் வாப்பா என்ற சொல் இல்லை, முடிவிலும் இல்லை. தெருவில் போகிற மீன்காரன் வரைக்கும் என்னை வாப்பா என்கிறான். சரி, அது என் தலையெழுத்து.

சொல்கிறேன். சிரிக்க வேண்டாம்.

முதல் தரம் உள்ளே வந்தேன். உங்கள் உம்மாவை உயரமான பழைய கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது கட்டில் சட்டமும் வெள்ளைப் புடவையின் கரையும்தான். சுற்றிப் பொம்பிளைகள், சொந்தக்காரர்கள், எல்லாரும் குனிந்து முகத்தைப் பார்த்து அழுகிறார்கள். பெருவிரலில் ஏறி நின்று பார்த்தேன். எட்டவில்லை. பத்தொன்பது வருஷம் என்னோடு வாழ்ந்த மனிசி ஒரு முழத் தூரத்தில் கிடக்கிறா, எனக்கு அவவின் முகம் தெரியவில்லை. எப்படி அழுகிறது, மகள்? எதைப் பார்த்து அழுகிறது?

உங்கள் மாமா ஒருத்தர் வந்து, "வாங்க மச்சான், தூக்கிக் காட்டுறன்" என்று கக்கத்தில் கை வைத்தார். நல்ல மனதோடுதான். பொஞ்சாதியின் மய்யித்துக்கு முன்னால் என்னைச் சின்னப் பிள்ளை மாதிரித் தூக்குவதா? கையைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் ஹாதிக் நின்றான். "தம்பி, எனக்கு முகம் தெரியுதில்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த வீடு நிறைந்த சனத்தில் என் உயரத்தை அளவெடுத்து வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

இனி என் குற்றம். அவன் தோளில் கேமரா இருந்தது. சிவப்பு லைட் எரிந்ததைக் கண்டேன். "நிப்பாட்டு" என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று பயந்துவிட்டேன். அல்லாஹ்மேல் ஆணை, அதுதான் நடந்தது. அந்தப் பெட்டியில் நின்றுதான் உங்கள் உம்மாவைக் கடைசியாகப் பார்த்தேன். நெற்றியில் ஒரு முடி ஒட்டியிருந்தது. ஒதுக்கிவிட்டேன்.

அவர்கள் பிறகு அதை ஒளிபரப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லப் போனேன், ஒப்பந்தத் தாளைக் காட்டினார்கள். போராடியிருக்க வேண்டும். போராடவில்லை.

ஏன் உங்களிடம் சொல்லவில்லை? வெட்கம். மூன்று வருஷம் என் உயரத்தை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தவன் நான். கையெட்டாத சுவிட்ச், கால் எட்டாத கதிரை, எல்லாம் சிரிப்பு. இதைச் சொன்னாலும் கேட்கிறவர்களுக்கு முதலில் சிரிப்பு வந்துவிடுமோ, அதில் நீங்களும் ஒருத்தியோ என்று பயம்.

யதுசாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "வாப்பா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். "ஒன்பது வருஷம் யோசிச்ச நான் புள்ள" என்றேன்.

வாப்பா


சாய்ந்தமருது
05.08.2024

அன்பு மகளுக்கு,

ஸலாம். பதில் வரவில்லை. தபால்காரன் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்புகிறான், பாவம்.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை. ஒன்று சொல்லி வைக்கத்தான். இப்போது நான் கதவைத் தட்டுவதில்லை. சத்தம் போடாமல் திறந்து, கள்ளன் மாதிரி உள்ளே போகிறேன். பள்ளி மௌலவி ஓதிப் பார்த்தார், யாஸீன் ஓதச் சொன்னார், ஓதுகிறேன். பக்கத்து வீட்டுச் சுபைறாவிடம், "உங்கட புள்ளைகள் போன் பாக்குதா" என்று கேட்டேன். "மஃரிபு நேரம் எங்கட வீட்ட போனே இல்ல காக்கா" என்றா.

முந்தநாள் மறதியில் தட்டிவிட்டேன். கேட்டது. "ஒருத்தரையும் காணல்லியே." மவுத்தானவர்கள் திரும்பி வருவதில்லை என்று எனக்கும் தெரியும், மகள். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இஞ்ச கீழ இரிக்கன் கமீலா" என்றேன். இன்னொரு தரமும் சொன்னேன். பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை.

இது உங்கள் வீடு. எனக்கு ஒன்றென்றால் பூட்டிக் கிடக்கக் கூடாது. கதவுத் திறப்பு ஒன்றைச் சுபைறாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

வாப்பா


மாவனெல்லை
16.08.2024

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏழு கிழமையாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்க சொல்லாத ஒன்று உங்களிடம் இருந்தது போல, நான் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. எனக்கே அது தெரியாமல் இருந்தது. உங்கள் கடிதத்தில் "உயரமான பழைய கட்டில்" என்று வாசித்த அந்த இடத்தில்தான் தெரிந்தது.

உம்மாவை முதலில் அதில் கிடத்தவில்லை. சனல்காரர்கள் உங்களுக்கென்று செய்து தந்த, உயரம் குறைந்த பதிந்த கட்டிலில்தான் கிடத்தியிருந்தார்கள். நீங்க அப்போது கபுறு வெட்டுகிற அலுவலாகப் பள்ளிக்குப் போயிருந்தீங்க. சனம் வரத் தொடங்கியது. நான்தான் பொம்பிளைகளிடம் சொன்னேன், "இந்தக் கட்டைக் கட்டில்ல வேணாம், ஆக்கள் பாத்தா சிரிப்பாங்க. உம்மாட கலியாணக் கட்டில எடுங்க" என்று. நாலு பேர் சேர்ந்து பின்னறையிலிருந்து இழுத்து வந்தார்கள். சுபைறா மாமி ஒருத்திதான், "அப்ப வாப்பாக்கு?" என்று கேட்டா. அந்தக் கேள்வி எனக்கு விளங்கவே இல்லை, வாப்பா. உம்மாவை அந்த நிகழ்ச்சியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உங்களிடமிருந்து ஒளித்துவிட்டேன்.

ஒன்பது வருஷம் உங்களைக் குற்றவாளி ஆக்கி வைத்திருந்தேன். உங்களை அந்தப் பெட்டியில் ஏற்றியது நான்தான். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் வாய் கூசுகிறது. கேட்கிறேன்.

நேற்று ஜெனூபாவுக்குக் கதவு திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். மேலே பார்க்கக் கூடாது என்றேன். "அப்ப எங்க பாக்கிற உம்மா?" என்றாள். கீழே காட்டினேன்.

வருகிற வெள்ளிக்கிழமை, இருபத்திமூன்றாம் திகதி, நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். பின்னேரம் அஸருக்கே வந்துவிடுவோம். நீங்க கடையைப் பூட்டிவிட்டு அவசரப்பட்டு வர வேண்டாம். சுபைறா மாமியிடம் திறப்பை வாங்கிக்கொள்கிறேன். பதிந்த கட்டிலையும் தாழ்ந்த சுவிட்ச்களையும் ஒன்றும் மாற்றிவிடாதீங்க.

மஃரிபுக்கு வந்து கதவைத் தட்டுங்க, வாப்பா. ஒரு தரம் தட்டினால் போதும். நான் கீழே பார்த்துக்கொண்டுதான் திறப்பேன்.

உங்கள் மகள்
றுக்ஸானா