புன்னைத்துறைத் திறவுகோல் குறித்து நெடுங்கோ வேந்தர் விடுத்த திருமுகம்

கடல் கொழிக்க, ஆறு நிறைய, விதைத்தவர் வீட்டிலேயே விளைந்தது சேர்க! முத்தாற்று நாடுடைய, யானை இலச்சினை உயர்த்திய நெடுங்கோ வேந்தர் அருளிச்செய்ய ஓலைநாயகம் எழுதியது. புன்னைத்துறைக் கோட்டைத் தலைவர் ஆதனழிசியாரும் அவர் மனையோரும் காவல் மறவரும் நலம் பெறுக.

இத்திருமுகம் வடகரையில், வேந்தரின் தம்பி இளவேட்டனார் பாசறையிலிருந்து வருகிறது. வேந்தர் சிறைப்பட்டார் என்று அஞ்ச வேண்டா. நாளை விடியலில் கோட்டைத் திறவுகோலை, மிளகு வாங்க வந்த மேலைக்கடலார் தலைவனிடம் ஒப்படைக்குமாறு முன்பு போன கட்டளை இதனால் நீங்குகிறது. காரணம் கேளும்.

மேலைக்கடலார் முதலில் வந்தபோது, நனைந்த பாய்களை உலர்த்த மணல்மேடு ஒன்று கேட்டார்கள். பிறகு மிளகு மூட்டைக்கு ஒரு கொட்டகை. மழை என்று கல் சுவர். திருடர் என்று காவலர். காவலருக்குத் துணையாகக் கடலைப் பார்த்து நான்கு பீரங்கிகள். ஒவ்வொன்றும் மறுக்க முடியாத அளவுக்குச் சிறிய வேண்டுகோள். சென்ற ஆண்டு அவற்றில் ஒன்று ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்ததை நீர் சொன்னீர். வேந்தர் கேட்டும் கேளாதவர்போல் இருந்தார். அப்போது அவர் மனமெல்லாம் மேட்டுநில ஊர்களின்மேலும், அவற்றுக்கு உரிமை கொண்டாடிய தம்பியின்மேலும் இருந்தது. தம்பியை ஒடுக்கித் தருகிறோம், துறையை எம் காவலில் விடும் என்று மேலைக்கடலார் சொன்னபோது, அது அவருக்கு இனித்தது.

உடன்பிறந்தார் போருக்கு எழுமுன், மூத்தவன் ஆயுதமின்றி இளையவன் பாசறைக்குப் போய் ஒரே பானைக் கஞ்சியைக் குடிப்பது நம் நாட்டு வழக்கு. பானை ஒழியும்வரை எழக்கூடாது. அயலார் அருகில் இருக்கக்கூடாது. இரு கரைக்கும் இடையே தூதர் எவரும் போகாதபடி படகு நிறுத்திக் காத்த மேலைக்கடலாரின் கப்பல் தலைவன், இக்கஞ்சியை மட்டும் இறந்தோர்க்குச் செய்யும் சடங்கு என்றெண்ணி, சிரித்து வழிவிட்டான்.

பானை பாதி ஒழிந்தது. பிறகு இளையவர், "அண்ணா, கஞ்சி சப்பென்றிருந்தால் திட்டாதீர். என் சமையற்காரனுக்குப் பதிலாக மேலைக்கடலார் ஆள் ஒருவன் அடுப்படியில் அதிகாரம் பண்ணுகிறான்" என்றார்.

வேந்தரின் கை அகப்பையோடு நின்றது. "அவர்களுக்கு உன்னிடம் என்னடா வேலை?" என்றார்.

"உம்மை ஒடுக்கித் தருவார்களாம். கூலியாகப் புன்னைத்துறைத் திறவுகோலைக் கேட்டார்கள். என்னிடம் இல்லாததுதானே, அள்ளிக் கொடுத்துவிட்டேன்!"

"அட மடையா!"

"நீர் என்ன கொடுத்தீர்?"

வேந்தர், "இருப்பதையே கொடுத்தேனடா தம்பி" என்றார். இளையவர் சிரிக்கத் தொடங்கி, அண்ணன் முகம் கண்டு நிறுத்தி, அகப்பையை வாங்கி அவர் கலத்தை நிறைத்தார்.

மீதிக் கஞ்சி தீருமட்டும் வேந்தர் நினைத்தது இது. மேலைக்கடலார் பேயரும் அல்லர், நம்மினும் பெருவீரரும் அல்லர். தம் கடலில் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்பவர். தாம் பிடிக்காத துறையைத் தம் பகைவர் பிடிப்பார் என்ற அச்சம் அவர்களை இத்தனை தொலைவு துரத்துகிறது. மிளகை வாங்க ஒருவனே இருந்தால் விலை அவன் வாயில் இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதற்கு வேண்டிய படையைக் கப்பலில் கொண்டுவர இயலாது. ஆகவே அதை நம் வீட்டுச் சண்டையிலிருந்தே திரட்டுகிறார்கள். நாம் கொடாவிட்டால் அவர்கள் கையில் இருப்பது நான்கு பீரங்கியும் ஒரு கொட்டகையுமே.

மேட்டுநில வழக்குத் தீரவில்லை. இதை எழுதும்போதும் இளையவர் எதிரே அமர்ந்து, வடக்கு எல்லை புளியந்தோப்புவரை என்று சாதிக்கிறார். ஓடைவரைதான் என்கிறார் வேந்தர். ஊரவை கூடட்டும், ஆண்டுக்கணக்கில் வாதாடுவோம். அது நம் வழக்கு. தீர்ப்பும் நம்முடையதாக இருக்கட்டும்.

ஆகவே ஆணை. மேலைக்கடலாரில் ஒருவர்மேலும் கை வைக்கலாகாது. கொட்டகை அவர்களுக்கே இருக்கட்டும். சுவரும் பீரங்கியும் நீங்க வேண்டும். மிளகு இனித் திறந்த சந்தையில், எக்கொடிக் கப்பலுக்கும் விற்கப்படும். இதற்கு அவர்கள் இசைவது கோட்டைமேல் நிற்கும் ஆள்பலத்தைப் பொறுத்தது. அதற்காக இளவேட்டனாரின் வில்லவர், இவ்வோலை வந்ததுபோல் படகுக் காவல் எட்டாத மேல்துறையில் ஆற்றைக் கடந்து, இன்று பொழுது சாயுமுன் வடவாயிலுக்கு வருவார்கள்.

அவர்களுக்கு வாயிலைத் திறப்பீராக. மேட்டுநில எல்லைச் சண்டையில் உம் மகனைக் கொன்ற அம்பு அவ்வில்லவர் எய்தது என்பதை வேந்தர் மறக்கவில்லை, இளையவரும் மறுக்கவில்லை. உம் முற்றத்தில் வெறுங்கையோடு வந்து நிற்க அவர் ஒப்பியிருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டியதை அன்று கேளும். இன்று வாயிலைத் திறந்து, திறவுகோலை உம் இடுப்பிலேயே செருகிக்கொள்ளும்.

வேந்தரின் யானையும் இளையவரின் வேங்கையும் ஒரே அரக்கில் பொறித்து விடுத்தோம். அரக்கு ஆறுமுன் புறப்பட்டது இவ்வோலை.